பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

2025 பிப்ரவரி. சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் சேலஞ்சர் எனும் இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டியின் இறுதியாட்டம். ஸ்வீடனின் எலியாஸ் யெமரை நேர் செட்களில் தோற்கடித்துக் கோப்பை வாங்கியவர் கிரியான் ஜாக்கே, 23 வயது பிரெஞ்சுக்காரர். கையோடு டெல்லிக்குப் போனவர் அடுத்த வாரம் அங்கு நடந்த சேலஞ்சரையும் வென்றார். கைதட்டிய ரசிகர்களில் பலருக்குப் பத்து நாள் முன்புவரை அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. தொழில்முறை வாழ்க்கையின் ஆரம்பப் படிகளில் முக்கியமான இரண்டை அவர் ஏறியது இந்திய மண்ணில்.

இது சென்னைக்குப் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு சென்னை ஓபன் ஒற்றையர் பட்டத்தை வென்ற ஜெரோம் கோல்மார் பிரெஞ்சுக்காரர். 2014-இல் இறுதியாட்டம் வரை வந்து வாவ்ரிங்காவிடம் தோற்ற எதுவார் ரோஜர்-வாசலினும் அந்த நாட்டவர்தான். போட்டி புணேவுக்குப் போய்விட்ட 2018-இல் அங்கே முதல் பட்டம் வென்றவர் ஜில் சிமோன். விருந்தினர் வருவதில், வந்து ஜெயிப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க நியாயமில்லை. அவர்கள் எப்படி இவ்வளவு பேர் வருகிறார்கள், இங்கிருந்து ஏன் அவ்வளவு பேர் அங்கே போவதில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

2021 பிரெஞ்சு ஓபன் ஜூனியர் ஆண்கள் பிரிவைப் பார்க்கலாம். அரையிறுதிக்கு வந்த நால்வருமே பிரெஞ்சுப் பையன்கள்: லூகா வான் அஷ், ஆர்தர் ஃபீஸ், ஜியோவானி எம்பெட்சி பெரிகார், ஷான் குவெனான். இறுதியில் ஃபீஸை வென்று வான் அஷ் பட்டம் பெற்றார். ஜூனியர் பட்டம் என்பது பெரும்பாலும் செய்தித்தாளின் ஒரு மூலையோடு முடிந்துபோகிற சங்கதி. இந்த நால்வர் கதை அப்படி முடியவில்லை. இரண்டே ஆண்டில், 18 வயதில், ஃபீஸ் லியோன் நகரில் ஆண்கள் தொழில்முறைச் சுற்றின் (ஏடிபி) பட்டம் வென்றார். 2024-இல் ஹாம்பர்க், டோக்கியோ என்று மேலும் இரண்டு. உலகின் முதல் 20 பேருக்குள்ளும் வந்துவிட்டார். எம்பெட்சி பெரிகார் 2024-இல் லியோனையும் பாசலையும் வென்றார். வான் அஷ் முதல் நூறுக்குள் நுழைந்தார். குவெனான் மட்டும் அந்த உயரங்களை எட்டவில்லை. நால்வரில் மூவர் கரையேறியிருக்கிறார்கள். உலகின் எந்த டென்னிஸ் சங்கமும் பொறாமைப்படும் கணக்கு இது.

பிரான்ஸில் இதற்கென்று ஒரு வழி உண்டு. பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ரோலண்ட் காரோஸ் போட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பணம் ஊர் ஊராக இருக்கும் கிளப்புகளுக்கும், திறமையுள்ள சிறுவர்களைச் சேர்த்துப் படிப்பும் ஆட்டமும் ஒன்றாகச் சொல்லித்தரும் மையங்களுக்கும், பாரீஸில் உள்ள தேசியப் பயிற்சி மையத்துக்கும் போகிறது. பயணத்துக்குக் கூடவரும் பயிற்சியாளர், பிசியோ, உள்ளூரிலேயே அடுத்தடுத்து நடக்கும் சிறிய போட்டிகள் எல்லாம் இதில் சேர்த்தி. பணத்தைவிட வலுவான இன்னொரு ஆயுதமும் கூட்டமைப்பிடம் இருக்கிறது: வைல்டு கார்டு. தரவரிசை போதாத ஒருவரை நேரடியாகப் பிரதான சுற்றில் இறக்கிவிடும் உரிமை அது. 2025-இல் உலகத் தரவரிசையில் 361-ஆம் இடத்தில் இருந்த லோயிஸ் புவாசோனுக்கு அந்த அட்டை கிடைத்தது. முந்தைய ஆண்டும் கிடைத்திருந்தது. போட்டிக்குச் சில நாள் முன்பு முழங்கால் தசைநார் அறுந்து அவர் ஆட முடியாமல் போயிற்று. மறு ஆண்டு கூட்டமைப்பு அவரை மறக்கவில்லை. அவர் ஜெசிகா பெகுலாவையும் மிரா ஆண்ட்ரீவாவையும் வீழ்த்தி அரையிறுதி வரை போனார். அதற்கான பரிசு 6,90,000 யூரோ.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1971-இல் ஆர்தர் ஆஷ் கேமரூன் தலைநகர் யவுண்டேவுக்குப் போனபோது ஒரு சிறுவன் ஆடுவதைப் பார்த்தார். பிரெஞ்சு டென்னிஸ் நிர்வாகி பிலிப் ஷாத்ரியேவிடம் சொன்னார். பையன் நீஸ் நகரப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுவரப்பட்டான். அவன்தான் யானிக் நோவா. 1983-இல் விலாண்டரைத் தோற்கடித்து பிரெஞ்சு ஓபனை வென்றவர். ஒரு சொல்லை நம்பி ஒரு சிறுவனுக்குப் பத்து ஆண்டு செலவு செய்யும் துணிச்சல் ஒரு சங்கத்துக்கு இருந்தது என்பதை இங்குள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். நோவாவுக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரெஞ்சு ஆண் எவரும் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வெல்லவில்லை. ரிஷார் காஸ்கேயின் ஆரம்பக் காலம் அதற்கு வேதனையான சான்று. 1996-இல், ஒன்பது வயதில், அவர் படத்தை ஒரு பிரெஞ்சு டென்னிஸ் இதழ் அட்டையில் போட்டு, நாடு காத்திருக்கும் சாம்பியன் இவன்தானா என்ற தொனியில் கேட்டது. பையன் ஏமாற்றவும் இல்லை. 15 வயதில் மான்டி கார்லோ பிரதான சுற்றில் ஓர் ஆட்டம் வென்றார்; அதே ஆண்டு பிரெஞ்சு, அமெரிக்க ஜூனியர் பட்டங்கள்; 2005-இல் அதே மான்டி கார்லோவில் ஃபெடரரையே சாய்த்தார். 2007-இல் உலகின் ஏழாம் இடம். 2025-இல் ஓய்வு பெறும்வரை ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதியாட்டமும் ஆடவில்லை. அவரைத் தோற்றவர் என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் சில காலம் எழுதின. உலகின் ஏழாமவரைத் தோற்றவர் என்று சொல்லும் வசதி எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை.

இந்தியக் கணக்கைப் பார்க்கலாம். கிராண்ட் ஸ்லாம் ஜூனியர் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற இந்தியர்களில் நான்கு பேர் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டும். லியாண்டர் பயஸ் 1990-இல் விம்பிள்டன், 1991-இல் அமெரிக்க ஓபன். யூகி பாம்ப்ரி 2009-இல் ஆஸ்திரேலிய ஓபன். ஒற்றையரில் இவர்கள் எட்டிய உச்சம் என்ன? தந்தை கிருஷ்ணன் அமெச்சூர் காலத்தில் உலகின் மூன்றாமவராக மதிப்பிடப்பட்டார். ரமேஷ் 23. பயஸ் 73. யூகி 83. ஜூனியரில் நால்வரும் உலகின் உச்சியில் நின்றவர்கள். பெரியவர்கள் ஆட்டத்துக்கு மாறும்போது விழும் சறுக்கல் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை நீண்டுகொண்டே போயிருக்கிறது. உலக டென்னிஸ் பெருத்துவிட்டது, போட்டி கடுமையாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அது பிரெஞ்சுக்காரர்களுக்கும்தான் கடுமையாயிற்று.

மூத்த கிருஷ்ணனின் தொடக்கம் இன்றும் வியப்பூட்டுவது. 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். குடும்பத்தின் வேர் தென்காசியில். பயிற்சியாளர் வேறு யாருமில்லை, தந்தை டி.கே. ராமநாதன்தான். அவரே நல்ல ஆட்டக்காரர். 1953-இல் விம்பிள்டன் ஜூனியர் இறுதியில் பில்லி நைட்டிடம் தோற்ற கிருஷ்ணன், அடுத்த ஆண்டு ஆஷ்லி கூப்பரை வென்று பட்டம் பெற்றார். ஆசியாவிலிருந்து அதை முதலில் வென்றவர் அவர்தான். அந்தக் கூப்பர் 1958-இல் விம்பிள்டன் சாம்பியனே ஆனார். கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். ஒருமுறை நீல் ஃப்ரேசரிடமும் மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார். 1959-இல் மூன்றாண்டுக்கு 1,50,000 டாலர் தருகிறேன், தொழில்முறைக்கு வா என்று ஜாக் கிராமர் அழைத்ததை அவர் மறுத்துவிட்டார். அன்றைய விதிப்படி பணம் வாங்கினால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் கிடையாது.

மகனுக்கும் வழி வகுத்தது குடும்பம்தான். ரமேஷ் ஃப்ளோரிடாவில் ஹாரி ஹாப்மனிடம் பயின்றார்; ஜூனியர் பட்டங்கள் வாங்கிய இரண்டே ஆண்டில், 1981-இல், மணிலாவில் ஏடிபி பட்டமும் அமெரிக்க ஓபன் கால் இறுதியும் கண்டார். ஃபீஸின் வேகத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. வேறுபாடு ஒன்றுதான். அங்கே ஒரு கூட்டமைப்பு செய்ததை இங்கே ஒரு தந்தை செய்தார். எல்லாப் பிள்ளைக்கும் ராமநாதன் கிருஷ்ணன் அப்பாவாக வாய்ப்பதில்லையே!

குடும்பத்துக்கு வெளியே ஒரு ஏற்பாடு சென்னையில் ஒருமுறை உருவாயிற்று. 1985-இல் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு அமிர்தராஜ் குடும்பம் தொடங்கிய பயிற்சித் திட்டம் அது. நாடெங்கும் தேடிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துச் சென்னையிலேயே தங்கவைத்து, படிப்பையும் பார்த்துக்கொண்டு, வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் அனுப்பினார்கள். கல்கத்தாவிலிருந்து அப்படி வந்த சிறுவன்தான் பயஸ். தொடங்கிய ஐந்தாவது ஆண்டில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். பிரெஞ்சு மாதிரியின் சிறு வடிவம் இங்கேயும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் தேவையில்லை. அந்தத் திட்டம் பின்னாளில் நின்றுபோனது. அந்த அளவில் இன்னொன்று அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எழவில்லை.

இன்றைய நிலையைச் சுமித் நாகல் வெளிப்படையாகச் சொன்னார். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்தபோது, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே மிஞ்சியிருப்பதாகப் பேட்டி கொடுத்தார். கூடவே வரும் ஒரு பயிற்சியாளரோடு ஓர் ஆண்டு ஆட 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. பிசியோ அதில் சேர்த்தியில்லை. நான்கே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றைக் கடந்து, 31-ஆம் தரநிலை பெற்ற பப்லிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் தரநிலை பெற்ற ஒருவரை இந்தியர் வென்றது, 1989-இல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்றதற்குப் பிறகு அதுவே முதல்முறை. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் வந்தார். ஊரில் நடக்கும் போட்டியால் உள்ளூர்க்காரருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது பதில். ஆனால் அப்போது அவருக்கு வயது 26. விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் பட்டம் வென்று எட்டரை ஆண்டு ஆகியிருந்தது.

நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளில்தான் ஆள் காணாமல் போகிறான். கீழ்ப்படியில் உள்ள சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு (ஐடிஎஃப்) போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஏழு நாள் ஆடிப் பட்டம் வென்றாலும் கிடைப்பது 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலர்கூடத் தேறாது. விமானக் கட்டணத்துக்கே காணாது. 2024-இல் ஏடிபி ஒரு வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது. அந்த ஆண்டில், முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது 250-ஆம் இடத்துக்கு ஏறிவிட்டவர்களுக்கானது. அதுவரை ஏற யார் கைகொடுப்பது?

தமிழ்நாட்டு வீரர்களின் வயதுகளே இதைச் சொல்லும். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இளமையில் முழங்கால் காயத்தால் பல ஆண்டுகளை இழந்தார். முதல் நூறுக்குள் வந்தபோது வயது 29. உச்சம் 75-ஆம் இடம். ராம்குமார் ராமநாதன் 2018-இல் நியூபோர்ட் ஏடிபி இறுதியாட்டம் வரை போனவர், அதற்கு முந்தைய ஆண்டு டொமினிக் தீமை வென்றவர். 111-ஆம் இடத்தில் நின்றுவிட்டார். ஆறு சேலஞ்சர் இறுதிகளில் தோற்று, முதல் சேலஞ்சர் பட்டத்தை மனாமாவில் வென்றபோது வயது 27. இவர்களிடம் ஆட்டம் இல்லாமல் இல்லை. பிரஜ்னேஷின் 20-ஆவது வயதில் காயத்தைக் கவனிக்க நல்ல பிசியோவும், ராம்குமாரின் 22-ஆவது வயதில் ஆண்டு முழுவதும் கூடவரும் பயிற்சியாளரும் தடையில்லாமல் இருந்திருந்தால் அந்த எண்கள் வேறாக இருந்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

அரசுகள் செலவே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. செலவு போகும் இடம்தான் சிக்கல். 2023 அக்டோபரில் அண்டை மாநிலமான கேரளத்தின் பொன்முடி மலையில், மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி பல நாட்டு அணிகள் வந்தன. பாரீஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் அதோடு இணைந்திருந்தது. கேரள அரசு பெருமையோடு நடத்தியது, நன்றாகவும் நடத்தியது. ஆனால் பாரீஸ் ஒலிம்பிக் மலைச் சைக்கிள் ஓட்டத்தில் இந்தியர் ஒருவரும் இல்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின் டென்னிஸ் ஆட்டங்கள் திருவனந்தபுரம் குமாரபுரத்தில் நடந்தன. ஆட்டக்களங்கள் உண்டாயின, ஆட்டக்காரர்கள் அந்த வேகத்தில் வரவில்லை. தமிழ்நாடு 2022-இல் பெண்களுக்கான சென்னை ஓபனை நடத்தியது. 17 வயது செக் பெண் லிண்டா ஃப்ருவிர்டோவா பட்டம் வென்றார். அரங்கம், விளக்கு, மேடை எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. போட்டி முடிந்த மறுநாள் காலை ஒரு 19 வயதுப் பையன் எந்த ஊருக்கு, யாருடன், யார் காசில் போகிறான் என்பதற்குத்தான் கணக்குத் தலைப்பு இல்லை.

மாநிலத்தின் விளையாட்டு உதவித் திட்டங்கள் பதக்கத்தை மையமாக வைத்து எழுதப்பட்டவை. தடகளத்துக்கும் வாள்வீச்சுக்கும் அது சரி. டென்னிஸில் 19 வயதுப் பையன் ஆசியப் போட்டிப் பதக்கத்தைத் துரத்துவதில்லை. ஆண்டுக்கு முப்பது வாரம் ஊர் ஊராக அலைந்து 600-இலிருந்து 400-க்கு, 400-இலிருந்து 250-க்கு ஏறுகிறான். பதக்க அளவுகோலில் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. தரவரிசை உயர்வையும் ஆடிய வாரங்களையும் வைத்து உதவி தரும் தனி விதி ஒன்று டென்னிஸுக்கு வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்கலாம். உதவியே இல்லாததால்தான் அது பணக்கார வீட்டு ஆட்டமாக இருக்கிறது.

வைல்டு கார்டு விஷயத்திலும் தெளிவு வேண்டும். 2009 சென்னை ஓபனில் வைல்டு கார்டு பெற்று இறங்கிய சோம்தேவ் தேவ்வர்மன், இறுதியாட்டம் வரை போய் மாரின் சிலிச்சிடம் தோற்றார். 2011-இல் 62-ஆம் இடத்துக்கு ஏறினார். ஒரே ஒரு அட்டை ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பொது நிதியில் நடக்கும் போட்டிகளில் இந்த அட்டைகள் 22 வயதுக்குக் கீழானவர்களுக்கே முதலில் என்று எழுதிவைப்பதில் என்ன தடை? ஜனவரி, பிப்ரவரியில் தென்னிந்தியாவில் மழை குறைவு, வெயிலும் தாங்கும். திருவனந்தபுரம், மதுரை, கோவை, சென்னை என்று தொடர்ந்து ஐடிஎஃப் வாரங்கள் நடத்தினால், நாகர்கோவில் பையன் பேருந்திலும் ரயிலிலும் போயே முதல் புள்ளிகளைச் சேர்த்துவிடலாம். பெரிய அரங்கப் போட்டியொன்றின் செலவில் இப்படிப் பல வாரங்கள் அடங்கும்.

இதெல்லாம் வரும்வரை பிள்ளைகள் தாங்களாகவே வேறு வழி தேடிக்கொள்கிறார்கள். கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் ரேவதி 15 வயதில், 2025 மும்பை ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு அரையிறுதி ஆடினார். பயிற்சிக்குப் போனது மயோர்காவில் உள்ள நடால் அகாடமிக்கு. வேறு சிலர் அமெரிக்கக் கல்லூரி வழியைப் பிடிக்கிறார்கள். இது தோற்றவர்களின் வழி என்று இளப்பமாகச் சொல்பவர்கள் 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸ் இறுதியாட்டத்தைப் பார்க்கட்டும். அதில் மோதிய மொனாக்கோவின் வாலன்டின் வாஷ்ரோவும் பிரான்ஸின் ஆர்தர் ரிண்டர்நெக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இருவருமே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியில் ஆடியவர்கள். பிரெஞ்சுக் கூட்டமைப்பின் நேர்ப்பாதையைவிட்டு விலகிப் போன ரிண்டர்நெக், நிதானமாக 26 வயதை ஒட்டித்தான் முதல் நூறுக்குள் வந்தார்.

மதுரையின் தக்ஷிணேஸ்வர் சுரேஷும் அந்த வழியில் போனவர், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பைக்காக ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் முதல்முறையாக இந்திய அணியில் இறங்கினார். அப்போது தரவரிசை 626. எதிரே நின்ற ஜெரோம் கிம் 155. நேர் செட்களில் வென்றார். இந்தியா 3–1 என்று அந்தச் சுற்றையே கைப்பற்றியது. ஐரோப்பிய மண்ணில் ஐரோப்பிய அணி ஒன்றை இந்தியா கடைசியாகத் தோற்கடித்தது 1993-இல், ஃப்ரெஜூஸ் நகரில். அன்று எதிரணி பிரான்ஸ். சுரேஷின் கல்லூரி ஆண்டுகளில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் இடம் கொடுத்தவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். 250-ஆம் இடம் வரை ஏறுவதற்கான அவருடைய அடுத்த இரண்டு மூன்று ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்று தமிழ்நாட்டு விளையாட்டுத் துறையும் டென்னிஸ் சங்கமும் உட்கார்ந்து பேசி, தொகையையும் நிபந்தனையையும் எழுத்தில் வைக்கலாம்.